நம்பிக்கையும் ஒரு கருவியின் பாகம்தான்

தொழில்நுட்பச் செய்தி ஒன்று வெளிவந்துவிட்டால் போதும், காப்பிக்கடையிலும் பேருந்திலும் வகுப்பறையிலும் கருத்துகளுக்குப் பஞ்சமே இருக்காது. “நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, எனக்கென்ன பயம்?” என்பார் ஒருவர். “நம் தகவலெல்லாம் எப்போதோ வெளியே போய்விட்டது, இனிமேல் காப்பாற்ற என்ன இருக்கிறது?” என்பார் இன்னொருவர். “அந்தச் செயலி நாம் போகுமிடமெல்லாம் வேவு பார்க்கிறது, தெரியுமா?” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார் மூன்றாமவர்.

மாணவர்களே, இவற்றில் எது சரி என்று முடிவு செய்யும் முன்பு, ஒவ்வொன்றும் எந்த வகைக் கேள்வியைத் தொடுகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

முதல் வகை: கருவி எப்படி வேலை செய்கிறது? இதற்கு அறிவியல் பதில் சொல்லும். சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டாம் வகை: சட்டம் எதை அனுமதிக்கிறது? இதற்குச் சட்டத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். கருவியைப் பிரித்துப் பார்த்தால் தெரியாது.

மூன்றாம் வகை: எது நியாயம்? இதற்குச் சோதனைக்குழாயில் விடை கிடைக்காது. பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

தனியுரிமை பற்றிய வாக்குவாதங்கள் பலவும் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால் வருகின்றன. இந்த வாரம் உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு கருவியை எடுத்துக்கொண்டு மூன்றையும் பிரித்துப் பார்ப்போம். அதுதான் டிரேஸ்டுகெதர். உங்களில் பலர் தொடக்கப்பள்ளியில் படித்தபோது அந்தச் சிறிய கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டோ பைக்குள் போட்டுக்கொண்டோ சென்றிருப்பீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

கருவி எதைப் பதிவு செய்தது?

கொவிட்-19 கிருமித்தொற்று பரவத் தொடங்கிய காலத்தில், தொற்று கண்டவருடன் நெருக்கத்தில் இருந்தவர்கள் யார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்தது. அதிகாரிகள் ஒவ்வொருவரையும் அழைத்து, “கடந்த இரண்டு வாரங்களில் எங்கே போனீர்கள்? யாரைச் சந்தித்தீர்கள்?” என்று கேட்க வேண்டியிருந்தது. மனித நினைவாற்றலுக்கு எல்லை உண்டு. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பெயர் யாருக்குத் தெரியும்?

அந்த இடைவெளியை நிரப்ப, அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பும் சுகாதார அமைச்சும் 2020 மார்ச் 20ஆம் தேதி டிரேஸ்டுகெதர் செயலியை அறிமுகப்படுத்தின. பிறகு, திறன்பேசி இல்லாதவர்களும் பயன்படுத்தும் வகையில் கையடக்கக் கருவியும் வந்தது.

செயலி புளூடூத் அலைகளைக் கொண்டு வேலை செய்தது. உங்கள் கைத்தொலைபேசி சிறுசிறு இடைவெளியில் ஒரு தற்காலிக அடையாளத்தை ஒலிபரப்பும். அருகிலுள்ள மற்றொரு கைத்தொலைபேசி அதைக் கேட்டு, தன் நினைவகத்தில் குறித்துக்கொள்ளும். தற்காலிக அடையாளம் என்பது பார்ப்பதற்கு அர்த்தமில்லாத எழுத்துச் சரம். ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு ஒருமுறை அது மாறிவிடும். வழியில் யாராவது அதைப் பிடித்துச் சேமித்தாலும், அது உங்களுடையதா என் உடையதா என்று அவரால் சொல்ல முடியாது. அந்தச் சரத்தைப் பூட்டிய மறையாக்கத் திறவுகோல் சுகாதார அமைச்சிடம் மட்டும் இருந்தது. ஆகவே, சரத்தைத் திறந்து அதன் உரிமையாளரைக் கண்டுபிடிக்க அமைச்சால் மட்டுமே முடியும்.

கைத்தொலைபேசியில் பதிவானவை: எதிராளியின் தற்காலிக அடையாளம், நேரம், அலையின் வலிமை, கைத்தொலைபேசி வகை. சந்திப்பு நடந்த இடம் பதிவாகவில்லை. கையடக்கக் கருவிக்குள் ஜிபிஎஸ் சில்லும் இல்லை, இணையத் தொடர்பும் இல்லை. பதிவுகள் 25 நாள்களுக்குப் பிறகு தாமாகவே அழிந்துவிடும். ஒருவருக்குத் தொற்று உறுதியான பிறகுதான் அவருடைய பதிவுகள் அமைச்சின் கணினிக்குப் பதிவேற்றப்பட்டன.

அப்படியென்றால் “போகுமிடமெல்லாம் வேவு பார்க்கிறது” என்ற மூன்றாமவரின் கூற்று? டிரேஸ்டுகெதரின் புளூடூத் பதிவைப் பொறுத்தவரை அது தவறு. அது இடத்தைக் குறிக்கவில்லை, ஆளைத்தான் குறித்தது. ஆனால் அதோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்ட சேஃப்என்ட்ரி முறை, நீங்கள் நுழைந்த கடைத்தொகுதியையும் நேரத்தையும் பதிவு செய்தது. பின்னாளில் ஒரே கருவியால் இரண்டையும் செய்ததால், மக்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்தார்கள். பாருங்கள், ஒரே கையசைப்பில் இருவேறு தரவுகள். எந்தத் தரவைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் கேட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அலை சொல்லும் தூரம்

புளூடூத் அலையின் அதிர்வெண் ஏறக்குறைய 2.4 கிகாஹெர்ட்ஸ். வினாடிக்கு 300,000,000 மீட்டர் வேகத்தில் செல்லும் அலையை இந்த அதிர்வெண்ணால் வகுத்தால், அலைநீளம் கிட்டத்தட்ட 12.5 செ.மீ. வருகிறது. இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

தூரத்தை எப்படி அறிவது? விளக்கிலிருந்து விலகிப் போகப் போக வெளிச்சம் குறைவதைப் போல, அலையின் வலிமையும் குறைகிறது. தடையற்ற வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நான்கில் ஒரு பங்காகும். நான்கு மடங்கானால் பதினாறில் ஒரு பங்காகும். இது தலைகீழ் இருமடி விதி. வந்து சேர்ந்த வலிமையைப் பார்த்து, எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கும் என்று செயலி ஊகிக்கிறது.

ஊகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் உடலில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி நீர். நீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். முதுகுக்கு முதுகாக 1 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இருவரின் கைத்தொலைபேசிகள் முன்பக்கப் பைகளில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள உடல்கள் அலையை உறிஞ்சி, பதினாறில் ஒரு பங்கை மட்டும் மறுபக்கம் விட்டால், செயலிக்கு அவர்கள் 4 மீட்டர் தள்ளி நிற்பதாகத் தோன்றும். மாறாக, மெல்லிய பலகைச் சுவருக்கு இருபுறமும் உட்கார்ந்திருக்கும் இருவர், கிருமி பரவ வாய்ப்பே இல்லாதபோதும், ‘நெருக்கமான தொடர்பு’ எனப் பதிவாகலாம்.

எனவே பதிவுகள் உண்மையின் நேரடிப் படம் ஆகா. அவை அளவீடுகள். எல்லா அளவீட்டுக்கும் பிழை உண்டு. சிங்கப்பூர் இதனால்தான் பதிவுகளை மட்டும் நம்பாமல், அதிகாரிகள் தொடர்பு கொண்டு விசாரிக்கும் முறையையும் வைத்திருந்தது. ஓர் அளவீட்டைக் கிருமியைத் தேடப் பயன்படுத்தும்போது ஏற்படும் பிழையால் ஒருவர் தேவையின்றிச் சில நாள்கள் வீட்டில் இருக்கலாம். அதே அளவீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் பிழையின் விலையும் வேறாகும். இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரிடமும் இருக்க வேண்டும்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு சந்திப்பு பதிவாக வேண்டுமென்றால் இருவரிடமும் கருவி இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் பயனில்லை. மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர், அதாவது 20 விழுக்காட்டினர் பயன்படுத்துகிறார்கள் என்றால், எதேச்சையாகச் சந்திக்கும் இருவரிடமும் அது இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு?

0.2 × 0.2 = 0.04

100 சந்திப்புகளில் 4 மட்டுமே பதிவாகும்! பாதிப்பேர் பயன்படுத்தினால் 0.5 × 0.5 = 0.25, அதாவது 25 சந்திப்புகள். 2021 ஜனவரித் தொடக்கத்தில் சிங்கப்பூரில் 4.2 மில்லியனுக்கு மேற்பட்டோர், அதாவது குடியிருப்பாளர்களில் ஏறக்குறைய 78 விழுக்காட்டினர் செயலியையோ கருவியையோ பெற்றிருந்தார்கள். 0.78 × 0.78 போட்டால் கிட்டத்தட்ட 0.61. 100க்கு 61 சந்திப்புகள்.

இப்போது தலைகீழாகப் பார்ப்போம். ஏதோ காரணத்தால் மக்களுக்குச் சந்தேகம் வந்து, பயன்பாடு 78 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.6 × 0.6 = 0.36. விலகியவர்கள் 100க்கு 18 பேர்தான். ஆனால் இழந்த சந்திப்புகள் 100க்கு 25. மக்கள் ஒரு படி பின்வாங்கினால் கருவி இரண்டு படி பின்வாங்குகிறது. (மக்கள் எதேச்சையாகக் கலந்து பழகுகிறார்கள் என்ற எளிய அனுமானத்தில் போட்ட கணக்கு இது.)

“கட்டாயப்படுத்திவிட்டால் போச்சு” என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அதிலும் உண்மை உண்டு. 2020 அக்டோபரில், பொது இடங்கள் பலவற்றுக்குள் நுழைய டிரேஸ்டுகெதர் தேவைப்படும் என்ற அறிவிப்பு வந்த பிறகு பயன்பாடு வேகமாக உயர்ந்தது. ஆனால் வாசலில் காட்டுவது வேறு, நாள் முழுக்கப் பயன்படுத்துவது வேறு. கடைத்தொகுதிக்குள் நுழைந்ததும் புளூடூத்தை அணைத்துவிடுபவரை எந்த வாயிற்காவலரும் கண்டுபிடிக்க முடியாது. கருவியின் மின்கலம் தீர்ந்தால் அது நின்றுவிடும். அதை வைத்திருப்பவரின் நம்பிக்கை தீர்ந்தாலும் அப்படித்தான். மின்கலம் எப்படி ஒரு பாகமோ, நம்பிக்கையும் அப்படியே ஒரு பாகம்.

2021 ஜனவரியில் நடந்தது

அந்தப் பாகத்துக்குச் சோதனை வந்தது. 2020 ஜூன் மாதம், அறிவார்ந்த தேசத் திட்டத்துக்குப் பொறுப்பு வகித்த அமைச்சர் டாக்டர் விவியன் பாலகிருஷ்ணன், டிரேஸ்டுகெதர் தரவு தொடர்புகளின் தடமறிய மட்டுமே பயன்படும் என்று தெரிவித்திருந்தார். 2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் எழுந்த ஒரு கேள்விக்குப் பதிலளித்த உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் குற்றவியல் விசாரணைக்காகக் காவல்துறை அந்தத் தரவைப் பெற முடியும் என்றார். டிரேஸ்டுகெதர் இணையத்தளத்திலிருந்த தனியுரிமை விளக்கமும் அதற்கேற்ப மாற்றப்பட்டது.

அந்தச் சட்டம் 2010ல் இயற்றப்பட்டது. செயலியோ 2020ல் பிறந்தது. விசாரணைக்குத் தேவையான எந்தத் தரவையும் கேட்டுப் பெறும் அதிகாரத்தைச் சட்டம் ஏற்கெனவே தந்திருந்தது. புதிய தரவு உருவானதும், பழைய சட்டத்தின் கை தானாகவே அதுவரை நீண்டது. மறுநாள் பேசிய டாக்டர் பாலகிருஷ்ணன், முன்பு அந்த உறுதியைத் தந்தபோது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதுவரை ஒரே ஒரு கொலை வழக்கில் காவல்துறை அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியதும் தெரியவந்தது.

நாடெங்கும் விவாதம் எழுந்தது. இரு பக்கத்தையும் நேர்மையாகக் கேட்போம்.

ஒரு பக்கம்: கொலை செய்யப்பட்டவரின் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். குற்றவாளியைப் பிடிக்க உதவக்கூடிய தரவு கையில் இருக்கிறது. “இது கிருமிக்காகச் சேர்த்தது, தொட மாட்டோம்” என்று அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது? வங்கிப் பதிவையும் தொலைபேசிப் பதிவையும் காவல்துறை கேட்டுப் பெறும்போது இதற்கு மட்டும் ஏன் விலக்கு?

மறுபக்கம்: மக்கள் அந்தத் தரவைத் தந்தது ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காக. காரணம் பின்னால் மாறும் என்றால், அடுத்த பெருந்தொற்றில் கேட்கும்போது எத்தனை பேர் தருவார்கள்? மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். தயக்கத்தின் விலை சந்திப்புகளின் கணக்கில் விழுகிறது. பதிவாகாத சந்திப்பு ஒன்றால் ஒரு முதியவருக்குத் தொற்று எட்டினால், அதுவும் உயிர்தான்.

இரண்டு பக்கத்திலும் உயிர் இருக்கிறது. அதனால்தான் இது எளிய கேள்வி அல்ல.

2021 பிப்ரவரி 2ஆம் தேதி நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. தரவைக் குற்றவியல் விசாரணைக்குப் பயன்படுத்துவது ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. பயங்கரவாதம், கொலை, ஆட்கடத்தல், கடுமையான பாலியல் குற்றம் ஆகியவை அவற்றுள் அடங்கும். அனுமதியின்றிப் பயன்படுத்தும் அதிகாரிக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 2023 பிப்ரவரியில் டிரேஸ்டுகெதர் முடிவுக்கு வருவதாக அறிவித்தபோது, அடையாளம் காட்டக்கூடிய தரவுகள் அழிக்கப்பட்டுவிட்டதாக சுகாதார அமைச்சு தெரிவித்தது. ஒரே விலக்கு, அந்தக் கொலை வழக்குடன் தொடர்புடைய தரவு. வழக்கு தொடர்பான சட்டத் தேவை எழக்கூடும் என்பதால் அது வைத்துக்கொள்ளப்பட்டது.

ஒரே அலை, வெவ்வேறு பூட்டுகள்

மற்ற நாடுகள் என்ன செய்தன? ஒப்பிட்டுப் பார்த்தால் பாடம் தெளிவாகும்.

ஆஸ்திரேலியாவின் கோவிட்சேஃப் செயலி, சிங்கப்பூர் வடிவமைத்துப் பொதுவில் வெளியிட்ட புளூடிரேஸ் நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டது. அதாவது அதே அலை, ஏறக்குறைய அதே முறை. ஆனால் ஆஸ்திரேலியா 2020 மே மாதத்திலேயே தனிச் சட்டம் இயற்றி, தரவைத் தொடர்புத் தடமறிதலைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தத் தடை விதித்தது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. தொழில்நுட்பம் ஒன்றே, சட்டப் பூட்டு வேறு.

ஆப்பிளும் கூகலும் 2020 ஏப்ரல் 10ஆம் தேதி கூட்டாக அறிவித்த முறை வேறு வழியில் சென்றது. அதில் யார் யாரைச் சந்தித்தார் என்ற பட்டியல் எந்த அரசாங்கக் கணினிக்கும் போவதில்லை. தொற்று கண்டவர் ஒப்புக்கொண்டால் அவருடைய அடையாளமற்ற திறவுகோல்கள் மட்டும் வெளியிடப்படும். ஒவ்வொருவரின் கைத்தொலைபேசியும் அவற்றைத் தன் பதிவுகளோடு தானே ஒப்பிட்டு, தன் உரிமையாளரை மட்டும் எச்சரிக்கும். காவல்துறை கேட்டாலும் கொடுப்பதற்கு மையத்தில் பட்டியல் இருக்காது. இது வடிவமைப்புப் பூட்டு. ஆனால் இதற்கும் விலை உண்டு. எச்சரிக்கை பெற்றவர் யார் என்று சுகாதார அதிகாரிக்குத் தெரியாததால், அவரை அழைத்து விசாரிக்கவோ உதவவோ முடியாது. சிங்கப்பூர் அந்த மனிதத் தொடர்பு வேண்டும் என்று மைய முறையைத் தேர்ந்தெடுத்தது.

சட்டப் பூட்டு மட்டும் போதுமா? ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 2021 நவம்பரில் ஒருவர் உணவகத்திலிருந்து வெளியேறியபோது விழுந்து, பின்னர் இறந்தார். சாட்சிகளைத் தேடிய காவல்துறை, அங்கு வந்தவர்களைப் பதிவு செய்திருந்த லூக்கா செயலியின் தரவைச் சுகாதாரத் துறை வழியாகப் பெற்றது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. விவரம் வெளியானதும் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகம் மன்னிப்புக் கேட்டது. சட்டம் கூடாது என்றது. ஆனால் தரவு ஓரிடத்தில் இருந்தது, திறப்பதற்கு வழியும் இருந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பூட்டுகள் மூன்று. தேவைக்கு மேல் சேர்க்காத வடிவமைப்பு முதல் பூட்டு. யார், எதற்காகத் திறக்கலாம் என்று கூறும் சட்டம் இரண்டாம் பூட்டு. குறித்த நாளில் அழித்துவிடுவது மூன்றாம் பூட்டு. அழிந்த தரவை எவராலும் தவறாகப் பயன்படுத்த முடியாது. ஒரு பூட்டு பழுதானாலும் மற்றவை காக்கும்.

“மறைக்க ஒன்றுமில்லை” என்பவருக்கு

இப்போது முதலாமவரிடம் திரும்புவோம். “நான் தப்பு செய்யவில்லை, எனக்கென்ன பயம்?”

அவர் குற்றத்தையும் தனியுரிமையையும் ஒன்றாக்குகிறார். நீங்கள் குளிக்கும்போது கதவைச் சாத்துகிறீர்கள். குளிப்பது குற்றமா? மருத்துவரிடம் சொன்னதை முதலாளியிடம் சொல்ல விரும்பமாட்டீர்கள். நோய் குற்றமா? தகவல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடம் உண்டு. அந்த இடத்தை விட்டு அது நகரும்போது, நகர்த்துவது யார் என்பதே கேள்வி. தனியுரிமை என்பது அந்த முடிவில் நமக்கும் ஒரு பங்கு இருப்பது.

அளவீட்டுப் பிழையையும் மறந்துவிடாதீர்கள். பலகைச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்தவர் ‘நெருக்கமான தொடர்பு’ என்று பதிவாகலாம் என்று பார்த்தோம். தப்பே செய்யாதவரும் தவறான பதிவில் சிக்கலாம். ஆகவே “மறைக்க ஒன்றுமில்லை” என்பது மட்டும் போதுமான பாதுகாப்பாகாது.

இரண்டாமவருக்கு என்ன பதில்? “எல்லாம் போய்விட்டது” என்பவர், கூரையில் ஓர் ஓட்டை விழுந்ததும் வீட்டையே விட்டு வெளியேறுபவரைப் போன்றவர். போனது போகட்டும், இனிமேல் போவதையாவது தடுக்கலாம். சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலன்றி அல்லது ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யத் தேவைப்பட்டாலன்றி, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கக் கூடாது. கடைத்தொகுதியில் நடக்கும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு அந்த எண் தேவையா? தேவையில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த விதி இது. அந்தச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கு உரியது. அரசாங்க அமைப்புகளுக்கு வேறு விதிமுறைகள் உள்ளன. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. ஒரு செய்தியைப் படிக்கும்போது, தரவு யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

செய்து பாருங்கள்

1. கைத்தொலைபேசியை ஒரு புளூடூத் ஒலிபெருக்கியுடன் இணைத்துப் பாட்டு ஒலிக்க விடுங்கள். கைத்தொலைபேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, ஒலிபெருக்கியைப் பார்த்தபடியே பின்னோக்கி மெதுவாக நடந்து, ஒலி விட்டுவிட்டுக் கேட்கும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பாதையில் தடை எதுவும் இல்லாத இடத்தில், அருகில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்யுங்கள். இப்போது கைத்தொலைபேசியை அதேபோல் நெஞ்சோடு பிடித்து, ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டியபடி நடந்து மீண்டும் அளவிடுங்கள். இரண்டு அளவுகளும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

2. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் செயலி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அமைப்புப் பகுதிக்குச் சென்று, அதற்குத் தரப்பட்ட அனுமதிகளைப் பாருங்கள். நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: எதைச் சேர்க்கிறது? எங்கே வைக்கிறது? யார், எதற்காகத் திறக்கலாம்? எப்போது அழிக்கிறது? கைவிளக்குச் செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால், வெளிச்சத்துக்கும் உங்கள் மாமாவின் தொலைபேசி எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசியுங்கள். தேவையற்ற அனுமதியைப் பெற்றோருடன் பேசி நீக்குங்கள்.

3. உங்கள் வகுப்பில் 40 பேர். அவர்களில் 30 பேரிடம் கருவி இருக்கிறது. எதேச்சையாகத் தேர்ந்தெடுக்கும் இருவரிடமும் கருவி இருப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிடுங்கள். 24 பேராகக் குறைந்தால் அது எவ்வளவாகும்? (இருவரும் வேறுவேறு ஆள்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் விடை சற்று மாறும். எப்படி என்று கண்டுபிடியுங்கள்.)

விவாதிக்க ஒரு கேள்வி

ஒரு பள்ளி நூலகத்தில் எந்த நேரத்தில் கூட்டம் அதிகம் என்று அறிய, மாணவர்கள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அட்டையைத் தொடச் சொல்கிறார்கள். “கூட்டத்தைக் கணக்கிட மட்டுமே” என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து நூலகச் சுவரில் யாரோ கிறுக்கிவிடுகிறார்கள். அன்று மாலை உள்ளே இருந்தவர்களின் பட்டியலை ஒழுங்குமுறை ஆசிரியர் கேட்கிறார்.

பட்டியலைத் தரலாமா? சுவரில் கிறுக்கியதற்குப் பதிலாக, ஒரு மாணவர் தாக்கப்பட்டிருந்தால் உங்கள் விடை மாறுமா? மாறினால், எந்த இடத்தில் கோடு கிழிப்பீர்கள்? யார் கிழிப்பது? கூட்டத்தைக் கணக்கிட மாணவர்களின் பெயர்கள் முதலிலேயே தேவைப்பட்டனவா?

கடைசிக் கேள்வியைக் குறிப்பாகக் கவனியுங்கள். எண்ணிக்கை மட்டும் போதும் என்று வடிவமைத்தவர் முதல் நாளே முடிவெடுத்திருந்தால், தருவதா வேண்டாமா என்ற தர்மசங்கடமே வந்திருக்காது. உங்களில் யாராவது நாளைக்கு ஒரு செயலியை உருவாக்கலாம். அப்போது முதல் நாளில் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.